செபமாலை அணிந்த வழிப்போக்கர்

நத்தார்க் குடிலின் முன்னே நம் பிள்ளைகள் விழி விரிய நிற்கின்றனர். நாமோ ஆண்டுதோறும் கண்ட காட்சிதானே என்று கடந்து செல்கின்றோம். அந்த வியப்பின் விலையை நமக்கு உணர்த்துவது புனித யோசவ் வாஸ் அடிகளாரின் வாழ்வு.

1651இல் கோவாவில் பிறந்த அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். 1658 முதல் இம்மண்ணை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்தனர். குருக்களுக்குப் புகலிடம் அளிப்போர் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். ஆகவே அவர் பிச்சைக்காரர் கோலம் பூண்டு, கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்றார். அதனை அன்போடு நோக்கிய கண்களைக் கொண்டே தம் மந்தையை இனங்கண்டார். பெத்லகேமில் இடம் தேடிய பாலனைப் போல் அலைந்தவருக்குச் சில்லாலை கதவு திறந்தது.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருக்களை இழந்திருந்த மக்கள் அவர்கள். அக்காலத்தில் பிறந்து, தாமே பெற்றோராகிவிட்டவர்களும் அவர்களிடையே இருந்தனர். நள்ளிரவில், மறைவான இல்லங்களில் திருப்பலியை முதன்முறை கண்டபோது வளர்ந்தவர்களும் குழந்தைகளாகவே நின்றிருப்பர்!

அவ்வாறு கூடிய ஒரு நத்தார் இரவில் ஏறத்தாழ 300 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். சிறையும் கசையடியும் ஆடவர் பலருக்குப் பரிசாயின, உயிர்நீத்தோரும் உண்டு. ஆயினும் விசுவாசம் அணையவில்லை. அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி சென்று, அயராது உழைத்து, 1711 ஜனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக உயர்த்தினார்.

அன்று அஞ்சி அஞ்சி அணுகிய பாலனை இன்று நாம் அச்சமின்றி அணுகுகின்றோம். பழக்கத்தால் மங்கிய நம் கண்களைப் பாலன் திறந்தருள, இவ்விழா நாளில் நம் பிள்ளைகளின் அருகே முழந்தாளிட்டு மன்றாடுவோமாக.