ஜன்னலை உடைத்து ஜெயிலுக்குப் போனவர்... மெட்ராஸ் பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்தவர்! - அடையாறின் மார்கரெட் கசின்ஸ் கதை

பெசன்ட் நகர் பீச்சில் கடலைப் பார்த்து நின்று, அப்படியே இடது பக்கமாக நடந்து பாருங்கள். சுண்டல், சோளம், பஜ்ஜிக் கடைகள் எல்லாம் பின்னால் போய்விடும். கரையில் இழுத்துப் போட்ட படகுகளும், காயப்போட்ட வலைகளும் வர ஆரம்பிக்கும். அதுதான் ஊரூர் ஒல்காட் குப்பம். ஃப்ரெஷ்ஷா மீன் வாங்க நீங்க அங்கே போயிருக்கலாம். 2015-ல் குப்பத்துக்குள்ளேயே கர்னாடக சங்கீதக் கச்சேரி நடந்ததே, அந்த விழா வீடியோவையாவது பார்த்திருப்பீர்கள்.

குப்பத்தைத் தாண்டினால் அடையாறு ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். பக்கத்திலேயே நீளமான ஒரு மதில், உள்ளே காடு மாதிரி மரங்கள். 1882 முதல் அங்கே இயங்கிவரும் பிரம்மஞான சபை, அதாவது தியசாபிகல் சொசைட்டி. சபையின் முதல் தலைவர் கர்னல் ஒல்காட். குப்பத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான். அவருக்கு அடுத்து தலைவரான அன்னி பெசன்ட் பெயரில்தான் பெசன்ட் நகர்.

இந்த இரண்டு பெயரும் உங்கள் ஆட்டோ டிரைவருக்குக்கூடத் தெரியும். ஆனால், அதே மதிலுக்குள் வாழ்ந்த இன்னொருவர் பெயரைச் சொன்னால் யாரு அதுன்னு கேட்பீங்க. மார்கரெட் கசின்ஸ். உங்க அம்மா, அக்கா, தோழி எல்லாரும் விரலில் மை வைத்துக்கொண்டு செல்ஃபி போடுறாங்களே, அந்த மைக்கு இங்கே முதல் வேலை பார்த்தவர்களில் ஒருவர் அவர்.

15 பிள்ளைகளில் மூத்தவள்

1878-ல் அயர்லாந்தில் பாயில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் 15 பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். ஆண் பிள்ளைக்கு ஒரு நியாயம், பெண் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது நம்ம ஊர்ச் சரக்கு மட்டும் இல்லைங்க. அங்கேயும் அதே கதைதான். சின்ன வயதிலேயே அந்த வித்தியாசம் மார்கரெட்டை உறுத்தியது.

டப்ளினுக்குப் போய் இசை படித்தார். 1902-ல் இசையில் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேருமே சைவச் சாப்பாடு, இரண்டு பேருக்குமே தியசாபி ஈடுபாடு. செம ஜோடி!

அப்போது அயர்லாந்து, இங்கிலாந்து பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. 1908-ல் தோழி ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார் மார்கரெட். மனு கொடுத்தார்கள், தெருவில் நின்று பேசினார்கள். காரியம் நடக்கவில்லை. 1910-ல் லண்டனில் பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெருவில் ஜன்னல் கண்ணாடி உடைத்து, ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913-ல் டப்ளினில், அரசு அதிகாரத்தின் அடையாளமாக இருந்த டப்ளின் கோட்டையின் ஜன்னல்கள் உடைந்தன. மறுபடி ஒரு மாதச் சிறை. அங்கே அரசியல் கைதியாக நடத்தச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார்.

பியானோ வாசித்த கை கல்லையும் எடுத்தது. கல்லெறிந்தது சரியா என்று நீங்கள் வாதாடலாம். ஒன்று மட்டும் உறுதி. ஓட்டு என்பது யாரோ பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுக்கிற பரிசு இல்லை என்பதை அந்த இரண்டு சிறைகளிலும் அவர் கற்றுக்கொண்டார்.

அடையாறில் ஒரு சங்கம்

1915-ல் கணவனும் மனைவியும் இந்தியா வந்தார்கள். ஜேம்ஸுக்கு அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் வேலை. பிறகு ஆந்திராவின் மதனப்பள்ளியில், தியசாபிகல் கல்லூரியில் இருவரும் பணியாற்றினார்கள். 1919-ல் அங்கே வந்து தங்கிய தாகூர் ஜன கண மன பாடியபோது, அந்த மெட்டுக்கு மேற்கத்திய முறையில் ஸ்வரக் குறிப்பு எழுதி வைத்தவர் மார்கரெட்தான். ஸ்கூலில் தினமும் எழுந்து நின்று பாடினோமே, அந்தப் பாட்டின் கதையிலும் இவர் இருக்கிறார்.

அதற்கு முன்பே, 1917 மே 8 அன்று அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்துவிட்டது. தலைவர் அன்னி பெசன்ட். மார்கரெட், டோரத்தி ஜினராஜதாசா, அம்மு சுவாமிநாதன் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். பிற்பாடு ஸ்திரீ தர்மம் என்ற பத்திரிகையும் வந்தது.

அதே வருஷம் ஒரு வாய்ப்பு. இந்தியாவுக்கு என்ன மாதிரியான ஆட்சி தரலாம் என்று கருத்துக் கேட்க, பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு இங்கே சுற்றுப்பயணம் வந்தார். பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு எழுதினார் மார்கரெட். அரசியல் விஷயம் என்றால் மட்டும்தான் சந்திப்பு என்று பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் லெட்டரை மடித்து வைத்திருப்பார்கள். இவரோ, அப்படின்னா அரசியலே பேசுவோம் என்று முடிவு கட்டினார். மனுவில் ஓட்டுரிமை ஏறியது.

1917 டிசம்பர் 18, மெட்ராஸ். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவைச் சந்தித்தது. கேட்டது ரொம்ப எளிமையானது. மக்களுக்கு ஓட்டு என்று சட்டம் எழுதும்போது, மக்கள் என்ற சொல்லுக்குள் பெண்களும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

பந்து மாகாணத்தின் கையில்

உடனே ஓகே சொல்லிவிட்டார்களா? இல்லை. யாருக்கு ஓட்டு என்று முடிவுசெய்ய வந்த சவுத்பரோ கமிட்டி, இந்தியச் சமூகம் இதற்குத் தயாராகவில்லை, பல பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்றெல்லாம் காரணம் காட்டிக் கையை விரித்தது. 1919-ல் அன்னி பெசன்ட், சரோஜினி நாயுடு, பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாடா, அவர் மகள் மிதான் ஆகியோர் லண்டனுக்கே போய் வாதாடினார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெண் என்பதற்காக ஓட்டு இல்லை என்ற தடை அப்படியே இருக்கும். அதை நீக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு மாகாணத்தின் சட்டசபையும் தீர்மானம் போட்டு முடிவுசெய்யலாம் என்று நழுவிக்கொண்டது.

இங்கேதான் நம்ம ஊர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1921 ஏப்ரல் 1. மெட்ராஸ் மாகாணச் சட்டசபை அந்தத் தடையை நீக்கித் தீர்மானம் போட்டது. ஜஸ்டிஸ் கட்சி ஆட்சி, சுப்பராயலு ரெட்டியார் முதல்வர். முட்டாள்கள் தினத்தன்று எடுத்த புத்திசாலி முடிவு! பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு ஓட்டு தந்த முதல் மாகாணம் மெட்ராஸ்தான். அதே வருஷம் பம்பாயும் பின்னால் வந்தது. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த ஓர் அவை, பெண்களுக்காகக் கை தூக்கியது. அந்தக் கைகளைத் தூக்க வைக்க, நாலு வருஷமாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மனு எழுதி, பத்திரிகையில் வாதாடி உழைத்தவர்களில் மார்கரெட் முக்கியமானவர். இந்த முறை ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

ஓட்டு போடலாம், நிற்கக் கூடாது!

ஆனால், பாதிக் கதவுதான் திறந்திருந்தது. பெண்கள் ஓட்டு போடலாம், தேர்தலில் நிற்க முடியாது. அந்தத் தடை விலக 1926 ஆனது.

விலகியதும் மார்கரெட் சும்மா இருப்பாரா? அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த மங்களூரில் 23 வயதுப் பெண் ஒருவரை நிற்கச் சொல்லி உற்சாகப்படுத்தினார். அவர் கமலாதேவி சட்டோபாத்யாய். பிரசாரத்துக்குக் கிடைத்ததோ கொஞ்ச நாள்தான். கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான் தோற்றார். இன்று கைத்தறியும் கைவினைப் பொருளும் ஃபேஷனாக இருக்கிறதே, அதற்கு உயிர் கொடுத்தவரும் இதே கமலாதேவிதான்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். சபையின் துணைத் தலைவராகவும் ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அவர் போராடியது இங்கிருந்துதான். அவர் தொடங்கிய ஔவை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இதே ஏரியாவில் இன்றும் இயங்குகின்றன.

மார்கரெட்டுக்கும் பொறுப்புகள் வந்தன. 1922-ல் இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட். 1927-ல் அகில இந்திய மாதர் மாநாடு உருவாக முன்னின்றார். ஆனால், பதவி கிடைத்ததும் வாயைப் பொத்திக்கொள்ளும் ரகம் இல்லை. 1932-ல், பேச்சுரிமையைப் பறிக்கும் அவசரச் சட்டங்களை எதிர்த்து மெட்ராஸில் பேசியதற்காக ஒரு வருஷத் தண்டனை பெற்று வேலூர் பெண்கள் சிறைக்குப் போனார். லண்டன், அயர்லாந்து, வேலூர் என மூன்று நாட்டுச் சிறைகளைப் பார்த்துவிட்டார்.

குப்பத்துக்கு எப்போ வந்தது?

இப்போது குப்பத்துக்குத் திரும்புவோம். 1921-ல் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் ஜெயித்தார்கள், சரி. மதிலுக்கு வெளியே, தலையில் கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்ற அம்மாவுக்கு அன்று ஓட்டு கிடைத்ததா?

இல்லை. அவர் வீட்டுக்காரருக்கும் இல்லை. நிலவரி, வீட்டு வரி, வருமான வரி என்று ஏதோ ஒன்று கட்டும் அளவுக்குச் சொத்து இருந்தால்தான் ஓட்டு. சுமார் 4 கோடி பேர் வாழ்ந்த மெட்ராஸ் மாகாணத்தில், 1920 தேர்தலில் ஓட்டு இருந்தது ஏறக்குறைய 12.5 லட்சம் பேருக்குத்தான். ஆண்களுக்கு என்ன விதியோ அதே விதியில் எங்களுக்கும் கொடுங்கள் என்றுதான் மாதர் சங்கம் கேட்டது. அந்த விதியே ஏழைகளை வாசலில் நிறுத்திய விதி. படித்த, வசதியான வீட்டுப் பெண்களுக்குத்தான் முதல் வெற்றி போய்ச் சேர்ந்தது. இதை மறைத்துவிட்டு மார்கரெட்டைக் கொண்டாடுவது நியாயமாகாது.

அவரும் அவர் தோழிகளும் அதோடு நின்றுவிடவில்லை. 1930-களில் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டன. பிரிட்டிஷ் அரசு கேட்கவில்லை. 1935 சட்டத்தில் சுமார் 60 லட்சம் பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதிலும் சொத்து, படிப்பு, ஓட்டுள்ளவரின் மனைவி என்று ஆயிரம் நிபந்தனை. அந்த மீன்காரம்மா அப்போதும் வெளியேதான்.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், 21 வயது ஆகியிருந்தால் போதும். 1989-ல்தான் அது 18 ஆனது. முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. அப்போதும் ஒரு சோகம். வட மாநிலங்களில் நிறைய பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பட்டியலில் பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயர் தராததால் சுமார் 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். உரிமை சட்டத்தில் இருந்தது, பட்டியலில் பேர் இல்லை!

அந்தத் தேர்தல் நடந்த நாள்களில் மார்கரெட் பக்கவாதத்தில் படுத்துவிட்டிருந்தார். 1940-களிலேயே உடல் முடங்கிவிட்டது. அவர் சேவைக்காக மெட்ராஸ் அரசும், பிறகு நேருவும் பண உதவி செய்தார்கள். தான் பிறக்காத ஒரு நாட்டில், எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று ஓட்டு போட்ட செய்தியைக் கேட்கும்வரை இருந்தார். 1954 மார்ச் 11 அன்று காலமானார்.

உங்க பேர் இருக்கா?

மெட்ராஸ் சட்டசபை போட்ட அந்தத் தீர்மானத்தின் வழியில் தமிழ்நாடு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2016-ல் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவிகித இட ஒதுக்கீடு சட்டமானது. 2022-ல் பிரியா சென்னை மேயரானார். தலித் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

அதனால ஒரு சின்ன வேலை. இந்தக் கட்டுரையை மூடியதும், அதே போனில் தேர்தல் ஆணைய இணையதளத்துக்குப் போய் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா பெயரையும் தேடுங்கள். வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றுங்கள். புதுசா 18 ஆகியிருந்தால் படிவம் 6. அஞ்சு நிமிஷ வேலை. அந்த 28 லட்சம் பேருக்கு இந்த வசதி இல்லை.

அடுத்த தேர்தலில் பெசன்ட் நகர் பக்கம் ஏதாவது ஒரு ஸ்கூல் வரிசையைப் பாருங்கள். அப்பார்ட்மென்ட் மாமி நிற்பார், பின்னால் ஐடி கம்பெனிப் பொண்ணு நிற்கும், அதற்குப் பின்னால் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு வந்த குப்பத்து மீன்காரம்மா. மூன்று பேர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. முதல் இரண்டு பேருக்கும் மூன்றாமவருக்கும் நடுவில் ஒரு காலத்தில் 30 வருஷம் இருந்தது.