குடும்பத்தையே பள்ளியில் சேர்த்த பெருமகன்

பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அனைவரும் அறிந்த உண்மை. தந்தை கடனில் மூழ்கிக் கிடக்க, தாய் எழுத்தறியாதிருக்க, பிள்ளையை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து கற்பித்தால் அக்கல்வி எத்தனை நாள் நிலைக்கும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர்களுள் ஒருவர், மெக்சிகோ நாட்டு யுக்கடான் மாநிலத்தின் ஆளுநராக விளங்கிய பெலிப்பே கரியோ புவெர்டோ.

கற்றாழைக் காடு

யுக்கடானின் வடபகுதி சுண்ணாம்புப் பாறை நிலம். மண்ணின் மேல் ஓடும் ஆறு அங்கே இல்லை. வானளாவிய கோயில்களையும் நுட்பமான நாட்காட்டியையும் படைத்த மாயா இனத்தாரின் வழித்தோன்றல்கள் வாழும் பூமி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நிலத்தை எனெக்கென் என்னும் கற்றாழைப் பயிர் ஆக்கிரமித்தது. அமெரிக்க வயல்களில் அறுவடை இயந்திரங்கள் கதிர்க்கட்டுகளைக் கட்டுவதற்கான கயிறு அதன் நாரினால் திரிக்கப்பட்டது. பண்ணை முதலாளிகள் அதனைப் பச்சைத் தங்கம் என்று போற்றினர். அந்தத் தங்கத்தை வெட்டிய மாயா உழவனுக்கோ கிடைத்தது கசையடி. திருமணத்திற்கென்று முதலாளியிடம் வாங்கிய கடனே பலருக்கு முதல் விலங்காயிற்று. அக்கடன் ஒருநாளும் தீராது. கணக்கு எழுதுபவன் முதலாளியின் ஆள். அதைப் படித்துப் பார்க்க உழவனுக்கு எழுத்துத் தெரியாது. அறியாமையும் அடிமைத்தனமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இளமையும் சிறையும்

பெலிப்பே 1874ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மோத்துல் என்னும் ஊரில், பதினான்கு மக்களைப் பெற்ற எளிய குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். இளமையிலேயே மாயா மொழியை நன்கு பேசக் கற்றார். புகைவண்டி நடத்துநராகவும் வணிகராகவும் உழைத்து, பின்னர்ப் பத்திரிகைத் துறையிலும் ஈடுபட்டார். நாட்டின் 1857ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தை மாயா மொழியில் பெயர்த்து உழவர்களுக்குப் படித்துக் காட்டினார். அடிமை முறை கூடாது என்று ஏட்டில் எழுதியிருப்பதை அடிமைகளின் மொழியிலேயே அவர்கள் செவியில் சேர்த்தது ஆள்வோர் கண்ணுக்குக் குற்றமாயிற்று. சிறை அவரை வரவேற்றது.

புரட்சி மூண்டபோது அவர் மொரெலோஸ் சென்று, உழவர் தலைவர் எமிலியானோ சபாட்டாவின் அணியில் நிலப் பங்கீட்டுப் பணியில் ஈடுபட்டார். 1915இல் யுக்கடானுக்கு ஆளுநராக வந்த சால்வடோர் அல்வராடோ கடனடிமை ஒழிப்பை நடைமுறைப்படுத்தி, சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கலானார். பெலிப்பே ஊர் திரும்பி அப்பணிகளில் தோள் கொடுத்தார்.

சங்கமே பள்ளி

கட்டடத்தால் மட்டும் கல்வி வளராது என்பதைப் பெலிப்பே கண்டார். ஊர்தோறும் 'எதிர்ப்புச் சங்கங்கள்' எழுந்தன. உழவன் அங்கே தன் உரிமையைக் கற்றான். கூலியைக் கேட்கவும் நிலத்திற்கு மனுச் செய்யவும் பழகினான். மாலை வேளைகளில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. 'சிவப்புத் திங்கள்' என்று பெயர் பெற்ற திங்கட்கிழமைக் கூட்டங்களில் சொற்பொழிவும் இசையும் கலந்து வழங்கப்பட்டன. குடியை விடும்படி சங்கம் வற்புறுத்தியது. ஓய்வு நேரத்திற்குப் பந்தாட்டக் குழுக்கள் அமைந்தன. பிள்ளைக்குப் பெயரிடும் விழாவுங்கூட அங்கே சிவப்பு மலர்கள் தூவி நடந்தது.

பெண்களுக்கெனத் தனிச் சங்கங்கள் தோன்றின. அவற்றை முன்னின்று நடத்தியவர் பெலிப்பேயின் தங்கை எல்வியா. எழுத்தோடு உடல்நலமும் குழந்தை வளர்ப்பும் அங்கே பாடமாயின. இவ்வாறு தந்தைக்குச் சங்கம், தாய்க்குச் சங்கம், பிள்ளைக்குப் பள்ளி எனக் குடும்பம் முழுவதும் மாணாக்கராயிற்று.

1922 பிப்ரவரி முதல் நாள் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது பெலிப்பே தம் முதல் உரையை மாயா மொழியில் ஆற்றினார். நானூறு ஆண்டுகளாக ஆளப்படுவோரின் மொழியாகவே இருந்த ஒன்று அன்று ஆள்வோர் மாடத்தில் ஒலித்தது. அதே மாதத்தில் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. இன்றைய யுக்கடான் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் அதன் வழிவந்ததே. பரிசும் தண்டனையும் தேர்வும் இன்றி, மண்ணிலும் பட்டறையிலும் கைபடக் கற்கும் பகுத்தறிவுப் பள்ளி முறைக்கு அவ்வாண்டே சட்டம் பிறந்தது. வியாழக்கிழமைகளில் ஊர்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. சிச்சென் இட்சா இடிபாடுகளுக்குச் செல்லும் சாலை 1923இல் திறக்கப்பட்டது. தம் முன்னோர் எழுப்பிய கோபுரத்தை மாயா மக்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பது அவர் வேட்கை. அவ்வாண்டே எல்வியா உள்ளிட்ட மூன்று பெண்கள் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றனர்.

குறையும் முடிவும்

அவர் பணியில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. உலகப் போர் முடிந்தபின் நாரின் விலை வீழ்ந்தது, கருவூலம் வறண்டது. பல ஊர்களில் சங்கம் உள்ளூர் வல்லாளர்களின் பிடியில் இருந்தது. பெரும் கற்றாழைப் பண்ணைகளோ பெரும்பாலும் முதலாளிகளிடமே எஞ்சின. கைவிடப்பட்ட பண்ணைகளை எடுத்துக்கொள்ள 1923 இறுதியில் அவர் சட்டம் செய்தபோது முதலாளிகளின் சினம் உச்சத்தை எட்டியது.

அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. யுக்கடானிலிருந்த படைகள் கிளர்ச்சியாளர் பக்கம் சாய்ந்தன. சங்கத்தாரிடம் எழுத்து இருந்தது. படையை எதிர்க்கத்தக்க ஆயுதம் இல்லை. கிழக்குக் கடற்கரை வழியே வெளியேற முயன்ற பெலிப்பே பிடிபட்டார். 1924 ஜனவரி 3ஆம் நாள் மெரிடா நகரக் கல்லறைத் தோட்டத்தில், உடன்பிறந்தார் மூவர் உட்படப் பன்னிருவருடன் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 49. பெண் உறுப்பினர்களும் பதவியிழந்தனர். மெக்சிகோ முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற 1953 வரை காத்திருக்க நேர்ந்தது. கற்றாழைப் பண்ணைகள் பேரளவில் உழவர்க்குப் பகிரப்பட்டதும் 1937இல், குடியரசுத் தலைவர் கார்டெனாஸ் காலத்தில்தான்.

இருபத்துமூன்று மாதங்களே நீடித்தது அவர் ஆட்சி. ஆயினும் கணக்கைப் படிக்கத் தெரிந்த உழவனை மீண்டும் பழைய கடனடிமையாக்குவது எளிதன்று. அதுவே அவர் விட்டுச் சென்ற சொத்து. ஒரு பிள்ளை கற்றால் ஒருவன் உயர்வான். ஒரு குடும்பம் கற்றால் ஊரே தலைநிமிரும். பட்டம் பெற்று வெளியேறும் நாமும், நம் கல்வி நம் வீட்டுக் கூடத்திற்கும் அடுத்த வீட்டுத் திண்ணைக்கும் எவ்வளவு சென்று சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தல் நலம்.