5 எண்களால் பெண்களைக் காத்த டாக்டர்

சிவாஜிநகரில் பவுரிங் ஆஸ்பத்திரியும் கோஷா ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பிரசவம் என்றால் நம் பெண்கள் தயங்காமல் அங்கே போகிறார்கள். உடம்பில் ஒரு கோளாறும் தெரியாதபோது, கருப்பை வாயைச் சோதித்துக்கொள்ளச் சொன்னால் எத்தனை பேர் போவார்கள்? சோதித்துக்கொண்டவர்களிலும் சிலர், ரிப்போர்ட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பார்த்துப் பயந்து, மறுபடி அந்தப் பக்கமே போவதில்லை.

"பாப் ஸ்மியர்" என்னும் அந்தச் சோதனையை உலகுக்குத் தந்தவர் டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகோலாவ். அவர் பெயரின் முதல் பகுதியே "பாப்".

கம்பளம் விற்றார்

கிரீஸ் நாட்டில், கிமி என்ற ஊரில் 13-5-1883 அன்று பிறந்தார். தந்தையும் டாக்டர். ஏதென்சில் மருத்துவம் படித்து, ஜெர்மனியில் முனிச் நகரில் 1910-ல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார்.

1913-ல் மனைவி மேரியுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆங்கிலம் தெரியாது. வயிற்றுப்பாட்டுக்காக, பெரிய கடை ஒன்றில் கம்பளம் விற்கப் போனார். மேரி அதே கடையில் பொத்தான் தைத்தார். வாரச் சம்பளம் 5 டாலர்.

மறு ஆண்டு, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே கினிப்பன்றிகளின் பிறப்பு உறுப்பிலிருந்து கசிவை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதிலுள்ள உயிரணுக்கள் நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டார்.

பெண்களுக்கும் இப்படித்தானா? இதை அறிய முதலில் முன்வந்தவர் மேரிதான். பல ஆண்டுகள் அவர் கணவரின் சோதனைக்குத் தம்மையே ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்திலும் உடன் உழைத்தார்.

கேட்பார் இல்லை

பிறகு மற்றப் பெண்களையும் சோதித்தபோது, சில தகடுகளில் புற்றுநோய் அணுக்கள் தெரிந்தன. 1928-ல் மாநாடு ஒன்றில் இதை எடுத்துச் சொன்னார். ருமேனியாவில் ஆரல் பாபெஷ் என்ற டாக்டரும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். ஆனால், சதையை வெட்டி எடுத்துச் சோதிக்க வழி இருக்கும்போது இது எதற்கு என்று டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

பாப்பனிகோலாவ் மனம் தளரவில்லை. டாக்டர் ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் சேர்ந்து மீண்டும் ஆராய்ந்தார். 1941-ல் கட்டுரையும், 1943-ல் புத்தகமும் வெளிவந்தன. அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எண்களின் பொருள்

சோதனை முடிவை அவர் 5 வகுப்பாகப் பிரித்தார். ஒன்று என்றால் நலம். இரண்டு என்றால் ஏதோ மாறுதல். ஆனால் புற்றுநோய் அறிகுறி இல்லை. மூன்று, சந்தேகம். நான்கு, பலத்த சந்தேகம். ஐந்து, புற்றுநோய் அணுக்கள் நிச்சயம்.

நலத்துக்கும் நோய்க்கும் நடுவே பல படிகள் உண்டு என்பதை இந்த எண்கள் காட்டின. நடுப்படியிலேயே கண்டுகொண்டால் நோய் முற்றுமுன் தடுத்துவிடலாம். சோதனை பரவிய பிறகு அமெரிக்காவில் இந்த நோயால் இறப்போர் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1961-ல் மியாமி நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைமையை ஏற்ற அவர், மூன்றே மாதத்தில், 19-2-1962 அன்று காலமானார். கிரீஸ் நாடு பின்னர் தன் 10 ஆயிரம் டிராக்மா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.

அவருடைய எண்களின் இடத்துக்கு 1988-ல் "பெதஸ்டா" முறை வந்தது. எல்.எஸ்.ஐ.எல். என்றால் லேசான மாறுதல், எச்.எஸ்.ஐ.எல். என்றால் உடனே கவனிக்க வேண்டிய மாறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் 10-வது நோய்ப் பட்டியலில், சோதனையில் தெரியும் மாறுதலுக்குக் குறியீடு ஆர் 87.6. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு சி 53. இரண்டும் வேறு வேறு.

ஆகவே, ரிப்போர்ட்டில் ஆர் 87.6 என்று இருந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருள் அல்ல. டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும் என்றே பொருள். போகாமல் இருப்பதில்தான் ஆபத்து.