ராமானுஜன் கேட்ட 2 கேள்விகள்.. ஒன்றுக்கு விடை கிடைத்தது.. இன்னொன்று 110 ஆண்டு தாண்டியும் தீராதது ஏன்?

போனில் கால்குலேட்டரைத் திறங்க. 1-ல் இருந்து 4 வரை பெருக்கினா 24. கூட 1 சேர்த்தா 25, அதாவது 5-ன் வர்க்கம். 5 வரை பெருக்கி 1 சேர்த்தா 121, 11-ன் வர்க்கம். 7 வரை பெருக்கி 1 சேர்த்தா 5041, 71-ன் வர்க்கம்.

இதுக்கு மேல இப்படி ஒரு எண் உண்டா? பெரும்பாக்கத்துல பஸ்ஸுக்கு நிற்கிற ஸ்கூல் பிள்ளைக்கும் புரியும் கேள்விதான். ஆனா விடை இன்னும் யாருக்கும் தெரியாது.

கேட்டவர் யார்?

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கல்லூரிப் பட்டம் கிடைக்கவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாதச் சம்பளம் 30 ரூபாய். பேப்பர் விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார்.

1913-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் கேட்டவைதான் 464, 469-ம் கேள்விகள். நாம மேலே பார்த்தது 469. பிரான்சின் ஆன்ரி புரோகார் 1876-லேயே இதைக் கேட்டிருந்தார்.

464-ம் கேள்வி? 2-ஐ அதே 2-ஆல் பெருக்கிக்கொண்டே போய், 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும் என்பது. ராமானுஜன் சொன்ன 5 விடைகளைத் தவிர வேறில்லை என்று நார்வேயின் நேகல் 1948-ல் நிரூபித்தார். அதைப் பார்க்க ராமானுஜன் இல்லை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போய், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகி, நோயோடு ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் 32 வயதில் காலமானார்.

469-ல் என்ன சிக்கல்?

1-ல் இருந்து வரிசையாகப் பெருக்கி வந்த எண், எந்தெந்த எண்களால் வகுபடும் என்று சொல்லிவிடலாம். அதோடு வெறும் 1-ஐக் கூட்டினாலே போதும், அந்தப் பிடி நழுவிடும்.

கம்ப்யூட்டரில் தேடலாமே? தேடினாங்க. 2000-ம் ஆண்டில் பெர்ன்ட், கால்வே என்ற இருவர் 100 கோடி வரை பார்த்தும் 4, 5, 7 தவிர எதுவும் சிக்கவில்லை. ஆனா எண்களுக்கு முடிவே கிடையாதே! எத்தனை கோடி வரை பார்த்தாலும் அதுக்கு அடுத்த எண் பாக்கி இருக்கும். இனிமேல் வராது என்று சொல்ல நிரூபணம் வேணும். அதுதான் இன்னும் கிடைக்கலை.