கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளை

பொதிய மலையில் பிறந்து திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்துவது தாமிரபரணி. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு அதனோடு வந்து கலக்கின்றது. அக்குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார்.

குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளியின் இறுதி வகுப்பில் பயிலுங்கால் தந்தையாரும் மறைந்தார். கல்வி அத்துடன் நின்றிருக்கும். ஆனால், மாணவரின் அறிவுத்திறனை உணர்ந்த ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அவருக்கு ஈந்தார். பிள்ளை நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி கற்றார். 1927ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய் அமர்ந்தார். அவருடைய பெரும்பணி அங்கேதான் நிகழ்ந்தது.

அப்பணி யாது? ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் வருவது அதன் ஆறாம் படி. ஒன்றின் ஆறாம் படி 1. இரண்டின் ஆறாம் படி 64. மூன்றின் ஆறாம் படி 729. எந்த எண்ணையும் இத்தகைய படிகளின் கூட்டலாக எழுதுவதற்கு, மிகுதியாக எத்தனை படிகள் வேண்டும்? 1770ஆம் ஆண்டில் வேரிங் என்னும் ஆங்கில அறிஞர் எழுப்பிய வினாவின் ஒரு பகுதி இது.

703 என்னும் எண்ணைக் கொள்வோம். அது 729இனும் சிறியது. ஆதலின் 64களையும் 1களையும் கொண்டே அதனை ஆக்கல் வேண்டும். அதனை 64ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 63. பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் சேர்ந்து 73 ஆகின்றன. ஆகவே 73க்குக் குறைந்தால் போதாது என்பது எளிதில் விளங்கும். எத்துணைப் பெரிய எண்ணாயினும் 73 போதும் என நிறுவுவதே அரிது. பிள்ளை அதனை 1940ஆம் ஆண்டில் நிறுவினார்.

அதற்கு முன்னரே, ஏழாம் படி முதலியவற்றிற்கும் அவர் வழி கண்டிருந்தார். மூன்றின் படியை இரண்டின் அதே படியால் வகுக்க வேண்டும். ஈவும் மீதியும் கூடி வகுத்த எண்ணை விஞ்சாவிடின், அவ்வெண்ணோடு ஈவைக் கூட்டி இரண்டைக் கழித்தால் விடை கிடைக்கும். 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11. 64உம் 11உம் 75. இரண்டைக் கழிக்க 73. அமெரிக்க அறிஞர் டிக்சனும் அதே காலத்தில் தனித்து ஆராய்ந்து இம்முடிவை எய்தினார்.

கணிப்பொறிக்கு இவ்வகுத்தல் மிக எளிது. எண்களை அது 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களாலேயே எழுதுகின்றது. அவ்வாறு எழுதிய எண்ணை 64ஆல் வகுக்க வேண்டின், கடைசி ஆறு இலக்கங்களே மீதி, முன்னிற்பவையே ஈவு. 1990ஆம் ஆண்டில் கணிப்பொறியின் துணையால் 47 கோடியாம் படி வரையில் சோதித்தனர். பிள்ளையின் நிபந்தனை ஓரிடத்தும் பிழைக்கவில்லை. எனினும், எங்கும் பிழையாது என்பதை இன்றளவும் எவரும் நிறுவவில்லை. பொறியின் விரைவு சோதிக்கும். நிறுவுதற்கு மனிதச் சிந்தனையே வேண்டும்.

பின்னர்ப் பிள்ளை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூடிய உலகக் கணித மாநாட்டிற்குப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள், எகிப்து நாட்டில் கெய்ரோவிற்கு அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. நாற்பத்தொன்பது வயதில் அவர் மறைந்தார்.

ஈவும் மீதியும் சிறுவரும் கற்கும் பாடம். அவ்வெளிய பாடத்தின் ஆழத்தைக் கண்டவர் பிள்ளை. அவரைக் கற்கச் செய்ததோ ஓர் ஆசிரியரின் ஈகை.