கணித மேதை விட்ட பாடமும் பிடித்த பாடமும்



இராமானுஜன் என்ற பெயரைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு எம்-1, எம்-2 ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். பயப்படாதீர்கள். அவர் வெளுத்துக் கட்டிய கணக்கைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவர் பெயிலான பாடங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில். நடுவில் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டிலிருந்தும் படித்தார். காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ஆகவே அவரை நம்ம ஜில்லாவில் படித்த பையன் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் உரிமை உண்டு!

அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். சொற்பச் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியவர். பையனோ 1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவது. 1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்குப் பரிசு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை. பிள்ளை ஒரு உத்தியோகத்தில் உட்கார்ந்துவிடுவான், வீட்டுக் கஷ்டம் தீரும் என்று பெற்றவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

ஆனால் 1903-லேயே கார் என்பவர் எழுதிய கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் விளக்கம் இல்லாமல்! ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்தவருக்கு மற்றப் பாடங்கள் மறந்தே போயின. அன்றைய எஃப்.ஏ. படிப்பில் ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு, சமஸ்கிருதம் என எல்லாமே உண்டு. எல்லாவற்றிலும் தேறினால்தான் பாஸ். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடியே போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906-லும் 1907-லும் மறுபடி தோல்வி. உடலியலில் வாங்கிய மார்க்கைச் சொன்னால் நம் அரியர்காரர்களுக்கே தெம்பு வரும்!

இந்தக் கதை எனக்கு ஏன் முக்கியம்? நான் மாமல்லபுரத்துக்காரன். அப்பா சிற்பப் பட்டறையில் உளி பிடிக்கிறவர். கல் தூசி தன்னோடு போகட்டும், பையன் டாக்டர் ஆகணும் என்பது அவர் ஆசை. பத்தாவது முடிந்ததும் உயிரியல் இருக்கிற குரூப்தான் எடுக்கணும் என்றார். எனக்கோ அந்தப் பாடம் ஏறவே ஏறாது. மெஷின் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒரு மாசம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அம்மா குறுக்கே வந்து சமாதானம் செய்தார். இப்போது தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வருகிறேன். இந்த வருஷம் என் தங்கச்சியின் முறை. அவளுக்கும் உயிரியல் வேண்டாமாம், காமர்ஸ் வேணுமாம். அப்பா முறைப்பதோ என்னைப் பார்த்து! அவளுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தபோதுதான் இராமானுஜன் வாழ்க்கையை மறுபடி புரட்டினேன்.

பாடத்தை விட்டதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் கல்யாணமும் ஆயிற்று. டியூஷன், நண்பர்கள் வீடு, அரைவயிறு என்று நாள் ஓடியது. ஆனால் அந்த நாட்களிலும் நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தன. 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய இராமசாமி அய்யரிடம் வேலை கேட்டபோது காட்டுவதற்கு மார்க் ஷீட் இல்லை, நோட்டுதான் இருந்தது! அந்த நோட்டுதான் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவின் உதவிக்கும், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலைக்கும் வழி திறந்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். எந்த மொழியில்? தன்னைப் பெயிலாக்கிய ஆங்கிலத்தில்தான்! வேண்டாம் என்று விட்ட பாடம் சும்மா விடாது நண்பர்களே, என்றாவது வாசலில் வந்து நிற்கும். அதே வருஷம் பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். கொழும்பு வழியாகப் போன அந்தக் கப்பல் எங்கள் மாமல்லபுரக் கடலைத் தாண்டித்தான் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. 1918-ல் இராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உடம்பு நொந்து 1919-ல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதிலேயே கண் மூடினார்.

பெயிலானால் மேதை ஆகலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அன்று தோற்றவர்கள் எத்தனையோ பேர்; நோட்டை நிரப்பியவர் ஒருவர். தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான். உயிரியல் வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் போய் நிற்காதே. அது கஷ்டம் என்பதால் ஓடுகிறாயா, காமர்ஸ் பிடித்ததால் போகிறாயா என்று முதலில் நீயே பார். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி இந்த லீவில் இரண்டு பாடம் நீயாகவே போட்டுப் பார். பிடித்திருந்தால் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டு. கல்லைக் கையால் தட்டிப் பார்த்தே தரம் சொல்லுகிறவர் அவர், உன் நோட்டையும் பார்ப்பார். பிடிக்கவில்லையா, அப்பா சொல்லும் குரூப்பைப் பற்றி இன்னொரு தடவை யோசி.

நோட்டு வாங்கியாகிவிட்டது. இதுவரை பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். அப்பா இன்னும் கேட்கவில்லை. ஆனால் நேற்று அவள் எழுதும்போது டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்