காமராசர்

காமராசர் (காமராஜர், கு. காமராஜ், ஜூலை 15, 1903 - அக்டோபர் 2, 1975) தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல் தலைவரும் ஆவார். 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். பின்னர் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகி, லால் பகதூர் சாஸ்திரி, இந்திரா காந்தி ஆகிய இருவரும் பிரதமராவதில் முதன்மைப் பங்காற்றினார். இவருக்கு 1976-இல், மறைவுக்குப் பின், பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. பிறந்த நூற்றாண்டையொட்டி இந்திய அரசு இவரது உருவம் பொறித்த 5 ரூபாய், 100 ரூபாய் நாணயங்களை வெளியிட்டது.

பிறப்பும் இளமையும்

இன்றைய விருதுநகர் அக்காலத்தில் விருதுபட்டி என அழைக்கப்பட்ட வணிக ஊராகும். அங்கு குமாரசாமி, சிவகாமி அம்மாள் ஆகியோருக்கு மகனாகக் காமராசர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிடப்பட்டார். தாயார் ராஜா என்று அழைத்து வந்ததால் இரு பெயர்களும் இணைந்து காமராஜா என்றாயிற்று. இவருக்கு நாகம்மாள் என்ற தங்கை இருந்தார்.

சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியில் இவர் பயின்றார். ஊர் மக்கள் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியைக் கொண்டு நடத்தப்பட்ட இலவசப் பள்ளி அது. இவருக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்தார். குடும்பத்தின் வறுமையால் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையிலும், பின்னர் திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் காசிநாராயணனின் மரக்கடையிலும் வேலை செய்தார். நாளிதழ்களைப் படிப்பதும் அரசியல் கூட்டங்களுக்குச் செல்வதும் இவரது பிற்காலக் கல்வியாக அமைந்தன.

விடுதலைப் போராட்டம்

1919-ஆம் ஆண்டு நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை இவரை அரசியலுக்கு இழுத்தது. காங்கிரசின் முழுநேர ஊழியராகி, வைக்கம் போராட்டம், நாகபுரி கொடிப் போராட்டம் போன்றவற்றில் ஈடுபட்டார்.

1930-இல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் நடந்த உப்பு சத்தியாகிரகத்தில் பங்கேற்று இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1931-இல் விடுதலையானார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டார். இவருக்காக ஜார்ஜ் ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் வாதாடினர். குற்றம் மெய்ப்பிக்கப்படாததால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

தீரர் சத்தியமூர்த்தியே காமராசரின் அரசியல் குரு ஆவார். 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1940-இல் காமராசர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது சத்தியமூர்த்தி அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார். 1943-இல் சத்தியமூர்த்தி மறைந்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் காமராசர் முதலில் அவரது இல்லத்திற்குச் சென்று தேசியக் கொடியை ஏற்றினார்.

1940-இல் கைதான காமராசர் வேலூர்ச் சிறையில் இருக்கையிலேயே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியை ஏற்பது முறையன்று எனக் கருதி அதனை விட்டு விலகினார்.

1942 ஆகஸ்டில் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியபின், சென்னையில் காவலர் காத்திருப்பர் என்பதை அறிந்து வழியிலேயே தொடர்வண்டியிலிருந்து இறங்கினார். பல ஊர்களுக்கும் மறைவாகச் சென்று ஊழியர்களுக்குச் செய்தி சேர்ப்பித்தபின், விருதுநகரில் தாமே காவல்துறையினரை அழைத்துக் கைதானார். 1945 ஜூன் மாதம் வரை சிறையில் இருந்தார். இவரது மொத்தச் சிறைவாசம் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகும்.

திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி

காமராசர் அரசியல் நிருணய சபையின் உறுப்பினராக இருந்தார். இதே காலத்தில் மாநில முதலமைச்சர்கள் மாறியதில் இவரது செல்வாக்கு பெரிதாக இருந்தது. 1949-இல் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா முதலமைச்சரானது காமராசரின் ஆதரவினாலேயே ஆகும்.

குடியரசு இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் (1952) காமராசர் திருவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிளவக்கல் அணைப்பகுதி, வத்திராயிருப்பு, இராஜபாளையம் ஆகியவற்றை உள்ளடக்கிய மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் திருவில்லிபுத்தூரைச் சூழ்ந்த பகுதியாகும். மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளையும் கண்மாய்களையும் நம்பி வாழும் வேளாண்மை இங்கு நடைபெறுகிறது. அதே தேர்தலில் குமாரசுவாமி ராஜா தோல்வியுற்றார். காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில் இராஜாஜி முதலமைச்சரானார்.

முதலமைச்சர்

1953-இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வகை செய்தது. குலக்கல்வித் திட்டம் என்று கூறிப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. இராஜாஜி பதவி விலக, ஏப்ரல் 13, 1954 அன்று காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். திருவில்லிபுத்தூர் மக்களவை இடத்தை விடுத்து, குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தலில் வென்றார். அப்போது பெரியார் இவரை ஆதரித்தார். 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவரது முதல் அமைச்சரவையில் எட்டுப் பேர் மட்டுமே இருந்தனர். கட்சித் தலைமைக்கான போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சர்களாக்கினார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறையை ஒப்படைத்தார். கோவில் நுழைவே போராட்டமாக இருந்த காலத்திற்குச் சில ஆண்டுகளே பின்னர் இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கல்வி

பொறுப்பேற்ற ஆண்டிலேயே முந்தைய தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. கட்டணமில்லாக் கல்வி படிப்படியாக விரிவாக்கப்பட்டுப் பள்ளியிறுதி வகுப்பு வரை எட்டியது.

பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசியே காரணம் என்பதை உணர்ந்து மதிய உணவுத் திட்டம் 1956-இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இது பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு நடந்தது. பின்னர் அரசு நிதி உதவி வழங்கியது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதனை நடைமுறைப்படுத்துவதில் பெரும்பங்கு ஆற்றினார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டு ஊர் மக்களிடமிருந்து கட்டடம், கரும்பலகை, சீருடை முதலியன பெறப்பட்டன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 1920-களிலேயே உணவு வழங்கப்பட்டதுண்டு. எனினும் மாநிலம் முழுமைக்கும் இதனை எடுத்துச் சென்றது காமராசர் அரசே ஆகும். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு இதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தியது.

பாசனமும் தொழிலும்

மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர், அமராவதி, கிருஷ்ணகிரி ஆகிய அணைகள் இவர் காலத்தில் நிறைவுற்றன. கேரளத்துடன் இணைந்து பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் தொடங்கப்பட்டது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம், பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஆகிய நடுவண் அரசு நிறுவனங்கள் தமிழ்நாட்டில் அமைந்தன. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் உருவாவதில் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் முதன்மையாகச் செயற்பட்டார்.

விமர்சனங்கள்

காமராசர் ஆட்சி குறித்து விமர்சனங்களும் உள்ளன. மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்ற கோரிக்கை உள்ளிட்டவற்றை முன்வைத்து, விடுதலைப் போராட்ட வீரர் சங்கரலிங்கனார் காமராசரின் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. அக்டோபர் 13 அன்று அவர் உயிர் துறந்தார். பெயர் மாற்றம் 1969-இல் தி.மு.க. ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்திற்குச் சென்றதில் இவர் போதிய அளவு வாதாடவில்லை என்றும் குறை கூறப்படுகிறது. 1957-இல் இம்மானுவேல் சேகரன் கொலையைத் தொடர்ந்து இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த முதுகுளத்தூர்க் கலவரமும், அதன்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் இவரது ஆட்சிக்காலத்தின் கசப்பான நிகழ்வுகளாகும்.

காமராசர் திட்டமும் காங்கிரஸ் தலைமையும்

மூத்த தலைவர்கள் பதவிகளை விட்டு விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று 1963-இல் இவர் முன்வைத்த கருத்து காமராசர் திட்டம் (கே-பிளான்) எனப்பட்டது. நேரு அதனை ஏற்றார். மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன்ராம் உள்ளிட்ட ஆறு நடுவண் அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினர். திட்டத்தை முன்மொழிந்த காமராசரும் அக்டோபர் 2, 1963 அன்று பதவி துறந்தார். அவருக்குப் பின் பக்தவத்சலம் முதலமைச்சரானார்.

அதே ஆண்டு அகில இந்திய காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 மே மாதம் நேரு மறைந்தபின் சாஸ்திரியும், 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபின் இந்திரா காந்தியும் பிரதமராக இவர் வழி வகுத்தார். எனினும் தாம் அப்பதவியை நாடவில்லை.

தோல்வியும் இறுதிக் காலமும்

1967 தேர்தலில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார். 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் அத்தேர்தலில் காங்கிரசின் தோல்விக்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அதன்பின் தமிழ்நாட்டில் காங்கிரஸ் தலைமையில் ஆட்சி அமையவில்லை.

1969-இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். அவ்வாண்டு காங்கிரஸ் பிளவுபட்டபோது, தாம் பிரதமராக்கிய இந்திரா காந்திக்கு எதிரணியான நிறுவன காங்கிரசில் நின்றார். 1971-இல் நாகர்கோவிலில் மீண்டும் வென்றார். நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2, 1975 அன்று சென்னை திருமலைப்பிள்ளை சாலை இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே உடல் தகனம் செய்யப்பட்டது. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கெனச் சொத்து எதனையும் சேர்க்கவில்லை. இறுதி வரை வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார்.

நாணயங்களில் காமராசர்

இந்தியாவில் நாணயங்களை நடுவண் அரசும், ஒரு ரூபாய்த் தாள் தவிர்ந்த பணத்தாள்களை இந்திய ரிசர்வ் வங்கியும் வெளியிடுகின்றன. விடுதலைக்குமுன் இவற்றில் பிரித்தானிய மன்னர்களின் உருவம் இருந்தது. குடியரசான பின் அசோகர் தூணின் சிங்க முகங்கள் அவ்விடத்தைப் பெற்றன. பணத்தாள்களில் 1969-இல் நூற்றாண்டு நினைவாகவும், 1996 முதல் தொடர் வரிசையாகவும் காந்தியின் உருவம் இடம்பெற்றது. பிற தலைவர்களுக்கு நினைவு நாணயங்களே வெளியிடப்படுகின்றன. 1964-இல் நேரு மறைவையொட்டி வெளியான நாணயமே இவ்வகையில் முதலாவதாகும்.

காமராசர் நாணயங்கள் 2003-ஆம் ஆண்டைத் தாங்கி, 2004-இல் வெளியிடப்பட்டன. அவற்றின் விவரம்:

- 5 ரூபாய்: செம்பு-நிக்கல் கலவை, எடை 9 கிராம், விட்டம் 23 மில்லிமீட்டர். இது பொதுப் புழக்கத்திற்கு விடப்பட்டது.
- 100 ரூபாய்: பாதியளவு வெள்ளி கலந்தது, எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். இது சேகரிப்போருக்காக நாணயச்சாலை விற்றது. கடைவீதிப் புழக்கத்தில் இல்லை.

ஒரு பக்கத்தில் சிங்க முகங்களும் மதிப்பும், மறுபக்கத்தில் காமராசரின் மார்பளவு உருவமும் உள்ளன. எழுத்துகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தன.

தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களுள் இந்திய நாணயத்தில் முதலில் இடம்பெற்றவர் காமராசரே. இதற்குமுன் 1995-இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டு நாணயத்தில் திருவள்ளுவர் உருவம் இடம்பெற்றிருந்தது. பின்னர் அறிஞர் அண்ணா (2009), சி. சுப்பிரமணியம் (2010), எம். ஜி. இராமச்சந்திரன் (2019), மு. கருணாநிதி (2024) ஆகியோரின் நாணயங்கள் வெளிவந்தன. அண்ணா நாணயத்தில் அவரது தமிழ்க் கையொப்பம் பொறிக்கப்பட்டது.

நேரு, சாஸ்திரி, இந்திரா காந்தி ஆகிய மூவருக்கும் நாணயங்கள் உள்ளன. அம்மூவரின் பதவிக்காலங்களை இணைத்தவர் என்ற முறையில் காமராசர் நாணயத்தையும் அவற்றுடன் சேர்த்துப் பார்த்தால், 1960-களின் இந்திய அரசியல் வரலாறு விளங்கும்.

பிற நினைவுகள்

1976-இல் இவரது அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டத்திற்குக் காமராசர் மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது. மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் நீக்கப்பட்டபோது, 1997-இல் அது விருதுநகர் மாவட்டமாயிற்று. விருதுநகரில் இவர் வளர்ந்த வீடும் சென்னையில் வாழ்ந்த வீடும் நினைவு இல்லங்களாக உள்ளன. இவரது பிறந்த நாளான ஜூலை 15 தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.